எதையும் ஒளிக்க முடியாத போர்க்களம் என்கிறார்கள். பிறகு ஏன் இத்தனை அதிர்ச்சித் தாக்குதல்கள்?

மாலைமணி:

உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து ஒரே வாசகம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: "இனிப் போர்க்களத்தில் எதையும் ஒளிக்க முடியாது." வானத்தில் செயற்கைக்கோள், தலைக்கு மேல் ட்ரோன், ஆளுக்கொரு செல்போன், டெலிகிராமில் மழைபோல் வீடியோ.

அப்படியென்றால் 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேல் மீது ஹமாஸின் தாக்குதல் எப்படி நடந்தது? 2025 ஜூன் 1 அன்று லாரிகளுக்குள் இருந்து கிளம்பிய உக்ரைனின் 117 ட்ரோன்கள் ரஷ்யாவின் குண்டுவீச்சு விமானங்களை எப்படித் தாக்கின? தாக்கப்பட்ட விமானத் தளங்களில் ஒன்றான பெலாயா இர்குத்ஸ்க் பகுதியில், உக்ரைனிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. எல்லாம் தெரிகிறது என்பதும் இப்படித் திடுக்கிட வைக்கும் தாக்குதல் நடக்கிறது என்பதும் எப்படி ஒத்துப்போகும்?

ட்ரோன் பெருகிய பிறகு ஒட்டுக்கேட்பு வேலை சுலபமாகிவிட்டதா, கடினமாகிவிட்டதா? ஒரு வீடியோ உண்மை என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? ஆளை அனுப்பி வேவு பார்ப்பது இன்னும் நடக்கிற காரியமா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

---

வடமீன்:

இரண்டும் ஒத்துப்போகும். பொருள் தெரிகிறது, நோக்கம் தெரிவதில்லை. டாங்கியை எண்ணலாம். அது பயிற்சிக்கு வந்ததா படையெடுக்க வந்ததா என்பதைப் படம் சொல்லாது.

1998 மே மாதம் பொக்ரானில் என்ன நடந்தது என்று பாருங்கள். அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் எந்த நேரத்தில் தலைக்கு மேல் வரும் என்று கணக்கிட்டு, பெரும்பாலும் இரவில் வேலை செய்து, விடிவதற்குள் வண்டிகளைப் பழைய இடத்திலேயே நிறுத்தினார்கள். மே 11 அன்று குண்டு வெடித்த பிறகுதான் சிஐஏவுக்கு விஷயமே தெரிந்தது. இன்று அந்த வித்தை அவ்வளவு எளிதில் பலிக்காது. சிறிய செயற்கைக்கோள்கள் நூற்றுக்கணக்கில் சுற்றுகின்றன. பிளானட் நிறுவனம் ஏறத்தாழ 3 மீட்டர் நுணுக்கத்தில் நிலப்பரப்பைத் தினமும் படம் பிடிக்கிறது. மாக்ஸார் (2025 முதல் வான்டார்) நிறுவனத்தின் நல்ல படம் 30 சென்டிமீட்டர் வரை போகும். ரேடார் செயற்கைக்கோளுக்கு இரவும் மேகமும் தடையே இல்லை. 2022 பிப்ரவரி இறுதியில் கீவுக்கு வடக்கே 64 கிலோமீட்டர் நீளத்துக்கு நின்ற ரஷ்ய வாகன வரிசையை உலகமே செய்தித்தாளில் பார்த்தது.

இனி அதே போரின் இன்னொரு பக்கம். படையெடுப்பு வரப்போகிறது என்று அமெரிக்காவும் பிரிட்டனும் சரியாகச் சொன்னார்கள். அதே படை குவிப்பைப் பார்த்த பிரான்சின் ராணுவ உளவுத்துறை வேறு முடிவுக்கு வந்தது. அதன் தலைவர் ஜெனரல் எரிக் விதோ மார்ச் இறுதியில் பதவி இழந்தார். சரியாகச் சொன்ன அமெரிக்கர்களும் அடுத்த கேள்வியில் தவறினார்கள்: கீவ் சில நாட்களில் விழுந்துவிடும் என்று மதிப்பிட்டார்கள். உக்ரைனியர்களின் போரிடும் உறுதியைக் குறைத்து எடை போட்டோம் என்று அமெரிக்க உளவுத் தலைமையே பிறகு செனட்டில் ஒப்புக்கொண்டது. மன உறுதியை எந்த லென்ஸாலும் படம் பிடிக்க முடியாது. போரின் போக்கையோ அதுதான் தீர்மானித்தது.

அக்டோபர் 7 இன்னும் கசப்பான பாடம். ஹமாஸின் தாக்குதல் திட்டத்தை விவரிக்கும் ஆவணம் ஓராண்டுக்கும் மேலாக இஸ்ரேலின் கையிலேயே இருந்தது. "இவர்களால் இது முடியாது" என்ற பழைய முடிவோடு அதைப் படித்தார்கள். பற்றாக்குறை தகவலில் இல்லை, அதைப் படித்த மனதில் இருந்தது.

லாரி விஷயத்துக்கு வருகிறேன். வேவு பார்க்கும் ஏற்பாடு எல்லாமே, எதைத் தேட வேண்டும் என்று யாராவது முன்பே தீர்மானித்ததன் மேல்தான் ஓடுகிறது. ஏவுகணை வண்டி என்றால் தேடுவார்கள். மரக் கூரை போட்ட ஒரு சரக்குப் பெட்டி தினமும் ஓடும் ஆயிரக்கணக்கான லாரிகளில் ஒன்று. உக்ரைனின் உளவு அமைப்பான எஸ்பியூ அதைத் தயார் செய்ய 18 மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. ஒளிந்துகொள்வதற்குக் காடு தேவையில்லை, சாதாரணமாகத் தெரிந்தால் போதும்.

---

அலைவரிசை:

ஒட்டுக்கேட்பு பற்றி நான் எழுதுகிறேன். ஒரே சொல்லில் சுலபம், கடினம் என்று சொல்ல முடியாது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறுகிறது.

பேச்சின் உள்ளடக்கம் கிடைப்பது குறைந்துவிட்டது. குறியாக்கம் மலிவாகிவிட்டதுதான் காரணம். ஆனால் உள்ளடக்கம் இல்லாமலே நிறையச் சொல்லலாம். எந்தக் கருவி, எங்கிருந்து, எப்போது, யாரோடு, எவ்வளவு நேரம் என்ற ஐந்தும் போதும். ஒரு கிராமத்தில் நேற்று வரை இல்லாத 300 செல்போன்கள் ஒரே கட்டடத்தில் ஒரே இரவில் முளைத்தால், அவர்கள் என்ன பேசினார்கள் என்று கேட்கத் தேவையில்லை. 2023 புத்தாண்டு இரவில் கிழக்கு உக்ரைனின் மகீவ்காவில் ரஷ்யப் படையினர் தங்கியிருந்த கட்டடம் தாக்கப்பட்டது. 89 பேர் இறந்ததாகவும், தடையை மீறிப் படையினர் செல்போன் பயன்படுத்தியதே முக்கியக் காரணம் என்றும் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் சொன்னது. உக்ரைன் சொன்ன எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு. ஒரே கட்டடத்தில் அத்தனை பேரைக் குவித்த அதிகாரிகளின் தவறைப் போனின் மேல் போடுகிறார்கள் என்று ரஷ்யப் போர்ப் பதிவர்களே கொந்தளித்தார்கள். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது.

போனை அணைத்துவிட்டால் தப்பிவிடலாம் என்பதும் தவறு. 2022 பிப்ரவரி 24 விடியலுக்கு முன் ரஷ்யாவின் பெல்கரோத் அருகே எல்லைச் சாலையில் கூகுள் மேப் போக்குவரத்து நெரிசல் காட்டியது. அது படையினரின் போனாக இருக்க வேண்டியதில்லை. படை வண்டிகளால் வழியில் நிறுத்தப்பட்ட பொதுமக்களின் போன்களே அந்தச் சிவப்புக் கோட்டை வரைந்திருக்கலாம். சில நாட்களில் கூகுள் உக்ரைனில் அந்த வசதியை நிறுத்தி வைத்தது.

இப்போது ட்ரோன். மலிவான எஃப்பிவி ட்ரோன் (அதன் கேமரா வழியே பார்த்து ஓட்டுவது) வீடியோவை அனலாக் முறையில், பெரும்பாலும் 5.8 கிகாஹெர்ட்ஸில், குறியாக்கம் இல்லாமல் அனுப்புகிறது. அதே அலைவரிசைக்குத் திருப்பிய ரிசீவர் கையில் இருந்தால், எதிரி ட்ரோன் பார்ப்பதை நீங்களும் பார்க்கலாம். பதுங்கு குழியில் இருப்பவர் திரையில் தன் கூரையே தெரிவதைக் கண்டு வெளியே ஓடுகிறார். அதனால் ட்ரோன் ஓட்டுபவர்கள் 1.2, 3.3 கிகாஹெர்ட்ஸ் என்று இடம் மாறினார்கள், ரிசீவர்களும் பின்தொடர்ந்தன. ட்ரோன் தரைக்கு அருகே இறங்கியதும் சிக்னல் மறைந்துவிடும் என்பதால் கடைசி சில விநாடிகள் எப்போதும் குருட்டு விநாடிகள்தான்.

2024 முதல் கண்ணாடி இழை ட்ரோன்கள் பெருகின. 10 முதல் 20 கிலோமீட்டர் இழையை அவிழ்த்துக்கொண்டே பறக்கும். ரேடியோ அலையே கிடையாது. சிக்னலை முடக்கும் ஜாமர் பயனற்றுப்போவதை எல்லோரும் எழுதுகிறார்கள். உளவுக்கு நேர்ந்த இழப்பு அதைவிடப் பெரிது: ஒட்டுக்கேட்கவும் எதுவுமில்லை, ஓட்டுபவரின் திசையைப் பிடிக்கவும் எதுவுமில்லை. மிஞ்சுவது சிறு ரேடார், கேமரா, காது. வெயிலில் மின்னும் இழையைப் பிடித்துக்கொண்டே ஏவிய இடம் வரை போவதும் உண்டு. ஆக, தொழில்நுட்பம் முன்னே போனதும் தடம் பார்க்கும் பழைய வேலை திரும்பி வந்திருக்கிறது.

காது என்றேன். உக்ரைன் கம்பங்களில் மைக்ரோஃபோன் கட்டி, ரஷ்யா ஏவும் ஷாஹித் ட்ரோன்களின் இன்ஜின் சத்தத்தைப் பிடிக்கிறது. 2024-ல் ஐரோப்பாவுக்கான அமெரிக்க விமானப்படைத் தளபதி ஹெக்கர் சொன்ன கணக்கு: ஏறக்குறைய 10,000 கருவிகள், ஒவ்வொன்றும் 400 முதல் 500 டாலர்.

திசை பிடிப்பதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஆண்டெனா திசையை 2 டிகிரி தப்பாகக் காட்டினால் 10 கிலோமீட்டர் தள்ளி 350 மீட்டர் விலகல். இரண்டு ஆண்டெனாக்கள் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் நின்று பார்த்தால் கோடுகள் கத்தரிபோல் மிகச் சரிவாக வெட்டிக்கொள்ளும், பிழை நீளவாக்கில் பல மடங்காகும். முடிந்தவரை செங்கோணத்துக்கு அருகே வெட்டும்படி நிறுத்த வேண்டும். அதன் பிறகும் கிடைப்பது ஒரு வட்டாரம்தான், புள்ளி இல்லை. அந்த வட்டாரத்துக்கு ட்ரோனை அனுப்பிக் கண்ணால் பார்த்த பிறகுதான் இலக்கு.

இன்னொரு நிரந்தரச் சண்டையும் உண்டு. ஜாமர் போட்டால் எதிரியின் தொடர்பு அறுந்துவிடும், நாம் கேட்டுக்கொண்டிருந்ததும் அறுந்துவிடும். நம் ட்ரோனும் விழலாம். மின்னணுப் போர்ப் பிரிவும் ஒட்டுக்கேட்புப் பிரிவும் ஒரே அலைவரிசை அட்டவணையில் கையெழுத்துப் போடாத இடத்தில் இந்தச் சேதம் தினமும் நடக்கிறது.

---

நிழலளவு:

வீடியோவைச் சரிபார்ப்பதைப் பற்றி. எந்த வரிசையில் செய்கிறோம் என்பது முக்கியம், வரிசை மாறினால் மனம் முன்பே முடிவு கட்டிவிடும்.

முதலில் பழைய சரக்கா என்று பார்க்க வேண்டும். வீடியோவிலிருந்து நாலைந்து ஃபிரேம்களை எடுத்து, ஒவ்வொன்றையும் இடவலம் திருப்பியும் சேர்த்து, படத்தேடலில் போடுங்கள். திருப்பிப் போட்ட வீடியோக்கள் நிறைய உலவுகின்றன, பெயர்ப்பலகை எழுத்தும் ஸ்டியரிங் பக்கமும் காட்டிக்கொடுக்கும். பிறகு முதன்முதலில் பதிவேற்றியவர் யார் என்று பின்னோக்கிப் போக வேண்டும். மெட்டாடேட்டாவை (கோப்போடு பதிவாகும் நேரம், இடம் போன்ற விவரம்) நம்பிப் பயனில்லை, சமூக ஊடகங்கள் அதைப் பெரும்பாலும் அழித்துவிடும். அழியாமல் இருந்தாலும் கேமரா கடிகாரம் தப்பாக இருக்கலாம்.

அடுத்து இடம். நகராத பொருட்களை மட்டும் எழுதுங்கள்: கோபுரம், தண்ணீர்த் தொட்டி, மின்கம்ப வரிசை, சாலை வளைவு, கூரையின் வடிவம். மூன்றாவது ஒத்துப்போகும் வரை இடத்தை அறிவிக்கக் கூடாது. ஒத்துப்போகாத ஒன்றையும் கட்டாயம் தேட வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பிறகு நேரம், இங்கேதான் நிழல் வருகிறது. செங்குத்தாக நிற்கும் கம்பத்தின் நிழல் அதன் உயரத்தைப்போல் 1.43 மடங்கு என்றால் சூரியன் அடிவானத்துக்கு மேல் 35 டிகிரியில் இருக்கிறது. அந்த நாளில் அந்த இடத்தில் சூரியன் 35 டிகிரியில் இருப்பது காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை. எது என்று நிழலின் திசை சொல்லும். நீளத்தை அளப்பதில் பத்தில் ஒரு பங்கு பிழை வந்தால் கோணம் ஏறக்குறைய இரண்டரை டிகிரி மாறும், அதாவது கால் மணி நேரம் அல்லது அதற்கும் மேல். தரை சரிவாக இருந்தால் கணக்கே கெட்டுவிடும். நண்பகலை ஒட்டிய நேரத்தில் நீளத்தை நம்பவே கூடாது. அப்போது சூரியனின் உயரம் மெதுவாக மாறும், திசைதான் வேகமாக மாறும். எனவே திசையை அளக்க வேண்டும்.

குண்டுவீச்சு நடந்ததாகச் சொன்னால் நாசாவின் தீ வரைபடத்தைப் பார்க்கலாம். அதற்குப் படம் தரும் செயற்கைக்கோள்களின் விஐஐஆர்எஸ் கருவி ஒரு புள்ளிக்கு 375 மீட்டர், உள்ளூர் நேரப்படி பகல் ஒன்றரை, இரவு ஒன்றரை மணியை ஒட்டிக் கடந்து போகும். ஆகவே காலை ஆறு மணிக்கு எரிந்து எட்டு மணிக்கு அணைந்தது அதில் வராது. மேகம் இருந்தாலும் வராது. அறுவடைக்குப் பிறகு வயலை எரிக்கும் பருவத்தில் வரைபடம் முழுக்கச் சிவப்பாக இருக்கும், அதில் பீரங்கி எது வைக்கோல் எது என்று தெரியாது. "புள்ளி இல்லை, எனவே தாக்குதல் இல்லை" என்று எழுதுவது மிகப் பெரிய தவறு.

ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் எடுக்கும் ரேடார் படங்களில் இன்னொரு வியப்பு. அது 5.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குகிறது. பேட்ரியாட் போன்ற சில ராணுவ ரேடார்கள் அதே பகுதியில் ஒலிபரப்பினால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். பட்டை அகலமானது, ரேடார் அதற்குள் எங்கே என்று ஒரு படம் சொல்லாது. செயற்கைக்கோள் ஏறும்போதும் இறங்கும்போதும் எடுத்த இரண்டு படங்களின் பட்டைகள் வெட்டும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

சரிபார்ப்பின் எதிரி டீப்ஃபேக் (கணினியால் செய்த போலி வீடியோ) மட்டும் என்று நினைக்காதீர்கள். 2022 மார்ச் 16 அன்று வந்த "ஜெலென்ஸ்கி சரணடையச் சொல்கிறார்" வீடியோ விரைவிலேயே பிடிபட்டது. கருவியே பொய் சொல்வதுதான் ஆபத்து. 2021 ஜூனில் பிரிட்டனின் டிஃபெண்டர் கப்பல் செவாஸ்தபோலை நோக்கிப் போவதாக, கப்பல்கள் தம் இடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் அமைப்பின் தடம் காட்டியது. அதே இரவில் ஒதேசா துறைமுகத்தின் வெப்கேமராவில் அந்தக் கப்பல் நிறுத்திய இடத்திலேயே நின்றது. ஒரு தரவை அதே வகைத் தரவால் சரிபார்க்காதீர்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

போலிகளும் திரும்பி வந்துவிட்டன. மரத்தால் செய்த ஹைமார்ஸ் ராக்கெட் வண்டி, ஓடுதளத்தில் பெயிண்டால் வரைந்த விமானம். ரஷ்யாவின் எங்கெல்ஸ் விமானத் தளத்தில் டியு-95 குண்டுவீச்சு விமான இறக்கைகளின் மேல் டயர் அடுக்கியதற்குக் காரணம், படத்தை ஒப்பிட்டு இலக்கைத் தேடும் ஏவுகணையைக் குழப்புவது. வரைந்த விமானத்துக்கு நிழல் விழாது, ரேடாரில் பளிச்சிடாது. மரத்தால் செய்ததற்கு இன்ஜின் சூடு இராது. ஒரே வகைப் படத்தை மட்டும் நம்புபவர்தான் இதில் விழுவார்.

---

ஏழாம்கதவு:

ஆள்வழி உளவு செத்துவிடவில்லை, ஆனால் போலி அடையாளத்தோடு எல்லை தாண்டும் பழைய முறை பெரும் அடி வாங்கியிருக்கிறது. கைரேகை, முகம், விமான டிக்கெட், வாடகைக் கார், ஹோட்டல் சாவி எல்லாம் ஒன்றோடொன்று சேருகின்றன. 2010 ஜனவரியில் துபாயில் ஹமாஸ் தலைவர்களில் ஒருவரான அல்-மப்ஹூஹ் கொல்லப்பட்ட பிறகு போலீஸ் பல இடத்துக் கேமராப் பதிவுகளைக் கோத்து முழுக் குழுவின் நடமாட்டத்தையும் வெளியிட்டது. அன்று அதை மனிதர்கள் உட்கார்ந்து செய்தார்கள், இன்று மென்பொருள் செய்யும்.

இன்னொரு அடி, மொத்தமாகத் திருடுபோகும் ஆவணங்கள். 2015-ல் வெளிவந்த அமெரிக்கப் பணியாளர் அலுவலகத் திருட்டில் 2.15 கோடிப் பேரின் விவரம் போனது, அதில் 56 லட்சம் பேரின் கைரேகை. பெயரை மாற்றலாம், கைரேகையை மாற்ற முடியாது. தூதரக ஊழியர் பட்டியலில் யார் பெயர் அந்தத் திருட்டில் *இல்லை* என்பதும் ஒரு தகவல்தான் (அவர் உண்மையில் உளவுத்துறை ஆளாக இருக்கலாம்), அது பலருக்குத் தோன்றுவதில்லை.

சின்னச் சீட்டும் போதும். 2018 ஏப்ரலில் ஹேக்கில் ரசாயன ஆயுதத் தடை அமைப்பின் அருகே நான்கு ரஷ்யர்கள் பிடிபட்டார்கள். காரின் பின்பெட்டியில் வைஃபை ஊடுருவும் கருவி. ஒருவரிடம் ஒரு டாக்ஸி ரசீது, புறப்பட்ட இடம் மாஸ்கோவில் ரஷ்ய ராணுவ உளவுத்துறையான ஜிஆர்யுவின் வளாகத்தை ஒட்டிய தெரு, சேர்ந்த இடம் ஷெரமெத்யேவோ விமான நிலையம். பின்னர் அவர்களில் ஒருவரின் கார் பதிவு முகவரியைத் தேடியவர்கள், அதே முகவரியில் கார் பதிவு செய்த 305 பேரைக் கண்டார்கள். ஆள் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, காகிதம்தான் காட்டிக்கொடுத்தது.

இதற்கு எதிர்வினையாகத்தான் டெலிகிராமில் கூலிக்கு ஆள் பிடிக்கும் முறை பெருகியது. 2024 மார்ச்சில் லண்டன் லெய்டனில் உக்ரைனுக்கான பொருட்கள் இருந்த கிடங்குக்குத் தீ வைத்த வழக்கு அப்படிப்பட்டது. தீ வைத்தவர்களுக்கு யாருக்காகச் செய்கிறோம் என்றே சரியாகத் தெரிந்திருக்கத் தேவையில்லை. எதிர் உளவுக்கு இது தலைவலி. பின்தொடர வேண்டியவர் பயிற்சி பெற்ற அதிகாரி அல்ல, நேற்றுவரை எந்தப் பட்டியலிலும் இல்லாத இருபது வயதுப் பையன்.

---

மாலைமணி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரே ஒரு துணைக்கேள்வி. இவ்வளவு தரவு குவிந்தால் செயற்கை நுண்ணறிவை வைத்துச் சலித்து எடுத்துவிட முடியாதா?

---

வடமீன்:

சலிக்கலாம், நம்பி ஒப்படைக்க முடியாது. ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு நாளில் 10 லட்சம் வாகனப் படங்கள், அதில் உண்மையான ஏவுகணை வண்டி 10. மென்பொருள் 99 சதவீதம் சரி என்று வைத்துக்கொள்வோம். பத்தையும் பிடித்துவிடும், கூடவே சாதாரண வண்டிகளில் ஏறத்தாழ 10,000-ஐயும் ஏவுகணை வண்டி என்று நீட்டும். அதாவது திரையில் மின்னும் ஆயிரத்தில் ஒன்றுதான் உண்மை. அந்தப் பத்தாயிரத்தையும் பார்க்க ஆள் வேண்டும். பார்க்க நேரமில்லாத தளபதி மதிப்பெண் அதிகமானவற்றை மட்டும் சுடச் சொல்வார்.

அவசரம் என்ன செய்யும் என்பதற்குக் காபூல் சாட்சி. 2021 ஆகஸ்ட் 29 அன்று ஒரு வெள்ளை டொயோட்டா கொரோலாவை ட்ரோன் ஏறத்தாழ எட்டு மணி நேரம் விடாமல் பார்த்தது. படம் தெளிவு, தொடர்ச்சி குறையவில்லை. ஆனால் மூன்று நாட்களுக்கு முன்தான் விமான நிலையத்தில் குண்டுவெடிப்பு நடந்திருந்தது, வெள்ளைக் கொரோலா வரும் என்று எச்சரிக்கையும் இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கார் நின்ற ஒவ்வொரு இடமும் சந்தேகமாகவே தெரிந்தது. தண்ணீர் நிரப்பிய கேன்கள் வெடிமருந்தாகத் தெரிந்தன. கார் ஓட்டியவர் ஓர் உதவி நிறுவன ஊழியர். 10 பேர் இறந்தார்கள், 7 பேர் குழந்தைகள். செப்டம்பர் 17 அன்று பெண்டகன் தவறை ஒப்புக்கொண்டது. எட்டு மணி நேரத்தில், "இது தவறான காராக இருந்தால் நமக்கு என்ன தெரியும்?" என்று கேட்பது மட்டுமே வேலையாக ஓர் ஆள் அந்த அறையில் இருந்திருக்க வேண்டும்.

நடைமுறையில் உதவுவது பழைய தர அட்டவணைதான்: ஆதாரம் எவ்வளவு நம்பத்தக்கது என்று ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்து, செய்தி எவ்வளவு நம்பத்தக்கது என்று 1 முதல் 6 வரை ஓர் எண். இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டும். நல்ல ஆள் தவறான செய்தி தரலாம், மோசமான ஆள் உண்மை சொல்லலாம். பெரும்பாலானோர் 'ஏ' போட்டதும் பழக்கத்தில் '1' போட்டுவிடுகிறார்கள். இன்று ஒரே டெலிகிராம் பதிவு நாற்பது சேனல்களில் நகலாகி நாற்பது சாட்சிகள் போல நிற்கிறது. அதை எண்ணும்போது ஒன்று என்றுதான் எண்ண வேண்டும். 2003-ல் ஈராக்கிடம் நடமாடும் உயிரியல் ஆயுத ஆய்வகம் இருப்பதாகச் சொன்ன பொய்க்கதை, ஜெர்மன் உளவுத்துறை கையாண்ட ஒரே ஆளின் வாயிலிருந்து கிளம்பி, ஐநா சபை வரை போனதை மறக்கக் கூடாது.

---

அலைவரிசை:

வடமீன் சொன்னதோடு ஒன்று. வணிகச் செயற்கைக்கோள் படத்துக்கு யாரும் அதிகம் பேசாத ஒரு பயன் உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் குறியீட்டை உடைத்துத் தெரிந்துகொண்ட கப்பல் வரிசையைத் தாக்கும் முன், பிரிட்டிஷார் மத்தியதரைக் கடலில் ஒரு வேவு விமானத்தை வேண்டுமென்றே அனுப்பி எதிரியின் கண்ணில் படவைப்பார்கள். விமானம்தான் கண்டுபிடித்தது என்று எதிரி நம்பட்டும் என்பதற்காக. 2022-ல் அந்த விமானத்தின் இடத்தில் மாக்ஸார் படம் வந்து நின்றது. ஒட்டுக்கேட்டுத் தெரிந்ததைப் பொதுவெளியில் சொல்ல வேண்டுமா? அதே இடத்தின் வணிகப் படத்தைக் காட்டிச் சொல்லலாம், உண்மையான ஆதாரம் பத்திரமாக இருக்கும். படத்தில் தெரிய முடியாத ஒரு விவரத்தைத் தலைப்பில் சேர்த்துவிட்டால் எல்லாம் பாழ். ஒரு தளபதியின் பெயரோ புறப்படும் மணியோ அதில் இருந்தால், எந்தத் தொலைபேசி என்று எதிரி அன்றிரவே தேடத் தொடங்குவான்.